பைலட் என்றால் கரை சேர்ப்பவர்

பழவேற்காடு ஏரியும் வங்கக் கடலும் சந்திக்கும் இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். லைட்ஹவுஸ் குப்பம் முதற்கொண்டு சுற்றியுள்ள மீனவக் கிராமங்கள் பலவற்றுக்கும் கடலுக்குப் போக வர அதுதான் வாசல். கோடையில் அலை கொண்டுவந்து தள்ளும் மணலால் அந்த வாசல் தூர்ந்து போகும். மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் அதை உடைத்துக்கொண்டு ஓடும். மணல்திட்டு இன்று இருக்கும் இடத்தில் அடுத்த மாதம் இருக்காது. அதை ஆண்டு முழுவதும் திறந்து வைக்க வழி செய்யுங்கள் என்பது அந்த ஊர்களின் நெடுநாள் கோரிக்கை.

கடலுக்குள் போவதைவிடத் திரும்பி வருவதுதான் அங்கே கடினம். போகும்போது அலை முன்னால் தெரியும். வரும்போது அலை முதுகுக்குப் பின்னால் எழும். படகில் மீன் பாரம் வேறு. ஓர் அலை உடைந்து முடித்த பின், அடுத்தது எழுவதற்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். நேரம் தப்பினால் அலை படகைப் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்துவிடும். தோதுப்படவில்லை என்றால் ஆழமான தண்ணீருக்குத் திரும்பிப் போய்க் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

இதற்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நிறையவே இருக்கிறது!

ஒன்றரை மணி நேரப் பயணத்தில் விமானம் கடைசியாக ஓடுபாதையை நோக்கி இறங்கித் தரையைத் தொடும் கட்டம் மொத்த நேரத்தில் ஏறத்தாழ நான்கு சதவீதம்தான். ஆனால் உலக அளவில் உயிர்ச்சேதம் ஏற்படுத்திய ஜெட் விமான விபத்துகளில் கிட்டத்தட்ட பாதி இந்தக் கட்டத்தில்தான் நடந்திருக்கின்றன. ஆகாயத்திலும் முகத்துவாரம்தான் ஆபத்து. அதைக் கடக்கும் வித்தைக்கு விமானிகள் வைத்திருக்கும் சொற்களில் பலவும் கடலிலிருந்து வந்தவை என்பது இன்னும் சுவாரஸ்யம்.

துறைமுகத்து பைலட்

முதலில் 'பைலட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். விமானம் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பைலட்டுகள் இருந்தார்கள். பெருங்கடலைக் கடந்து வரும் கப்பலின் கேப்டனுக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம். ஆனால் இந்தத் துறைமுகத்தின் வாசலில் மணல் எங்கே, பாறை எங்கே, இன்றைய நீரோட்டம் எப்படி என்பது அவருக்குத் தெரியாது. அது தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் படகில் எதிர்கொண்டு போய், கயிற்று ஏணியில் ஏறி, கப்பலை உள்ளே கொண்டுவந்து சேர்ப்பார். அவர்தான் பைலட். பழவேற்காட்டுக்குத் தெற்கே இருக்கும் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களில் இன்றைக்கும் கப்பல்கள் இப்படித்தான் உள்ளே வருகின்றன. ஆக, பைலட் என்ற சொல்லுக்குள்ளேயே கரை சேர்ப்பது இருக்கிறது.

இந்த வேலையை இந்தியாவில் ஆதியில் செய்தவர்கள் யார்? மீனவர்கள்! கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் கையேடு, குஜராத்தின் பரிகாசா (இன்றைய பரூச்) துறைமுகத்தைப் பற்றிப் பேசுகிறது. அங்கே ஆற்று முகத்துவாரம் ஆபத்தானது. அதனால் அரசனின் பணியில் இருந்த உள்ளூர் மீனவர்கள் பெரிய படகுகளில் வெளியே காத்திருந்து, வரும் கப்பல்களை வழிகாட்டி உள்ளே அழைத்துச் சென்றார்கள் என்று அந்த நூல் சொல்கிறது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்தைய இந்திய 'பைலட் சர்வீஸ்' என்று இதைச் சொன்னால் தப்பில்லை.

பழவேற்காடும் சின்ன ஊர் அல்ல. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். ஆனால் அவர்களுடைய பெரிய கப்பல்கள் முகத்துவாரத்துக்குள் வர முடியாது. வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்கெல்லாம் சின்னப் படகுகளில் ஏறி இறங்கியது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னையிலும் இதே கதைதான். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகள்தான் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடின. அவை போக முடியாத அளவுக்கு அலை அடிக்கும் நாட்களில் கட்டுமரத்துக்காரர்கள் கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மசூலா படகை நடத்தும் தலைவருக்குத் 'தண்டல்' என்று பெயர். உடையும் அலைக்கு வெளியே படகை நிறுத்தி, தோதான இடைவெளி கிடைக்கும் வரை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் குரல் கொடுத்தால்தான் துடுப்புகள் அசையும். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய அதிகாரியாகவே இருந்தாலும் அந்தச் சில நிமிடங்களில் அவர் உயிர் தண்டல் கையில்!

கடலிலிருந்து ஆகாயத்துக்கு

விமானம் வந்தபோது அதற்கென்று தனிச் சொற்கள் கிடையாது. கப்பலில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கேப்டன், பைலட், க்ரூ, ரட்டர் (சுக்கான்), காக்பிட் எல்லாம் படகுச் சொற்கள்தான். வேகத்தைக் குறிக்கும் 'நாட்' என்பது முடிச்சு. சீரான இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு, குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போகிறது என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். இன்றைய ஏர்பஸ் விமானியும் தன் வேகத்தை முடிச்சில்தான் சொல்கிறார். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

விளக்குகளும் அப்படித்தான். தமிழில் 'கலங்கரை விளக்கம்' என்பதற்குக் கலங்களை அழைக்கும் விளக்கு என்று பொருள் சொல்வார்கள் (கரைதல் என்றால் அழைத்தல்; காகம் கரைகிறது என்கிறோமே, அதேதான்). பழவேற்காட்டில் 1859-ல் கலங்கரை விளக்கம் அமைந்தது. லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் பெயர் கொடுத்ததும் கலங்கரை விளக்கம்தான். உலகெங்கும் இத்தகைய விளக்குகளின் ஒளியைத் தூரத்துக்கு அனுப்ப உதவியது, பிரான்சின் ஃப்ரெனல் 1820-களில் உருவாக்கிய அடுக்கடுக்கான கண்ணாடி வில்லை. நூற்றிச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் விமானிக்குச் சரியான சாய்வைக் காட்டும் கருவியிலும் அதே ஃப்ரெனல் வில்லை வந்து உட்கார்ந்தது. கப்பலைக் கரைக்கு அழைத்த கண்ணாடி, விமானத்தைக் கப்பலுக்கு அழைத்தது!

செங்குன்றத்தில் இறங்கிய பறக்கும் படகுகள்

இந்த இரண்டு உலகமும் நிஜமாகவே ஒன்றாகக் கலந்த இடம் பழவேற்காட்டிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. சென்னைக்குப் போகும் வழியில் இருக்கும் செங்குன்றம் ஏரி (புழல் ஏரி) இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் தளமாக இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. சென்னையிலும் பீதி பரவி மக்கள் ஊரைக் காலி செய்தார்கள். வங்கக் கடலைக் கண்காணிக்க நீண்ட தூரம் பறக்கும் விமானங்கள் தேவைப்பட்டன. அதே ஆண்டில் 240-ஆம் ஸ்குவாட்ரனின் 'கேடலினா' வகைப் பறக்கும் படகுகள் இந்த ஏரிக்கு வந்தன. அடிப்பகுதி படகு, மேலே சுமார் 32 மீட்டர் நீள இறக்கை. ஓடுபாதையே வேண்டாம், தண்ணீர் போதும்.

ஆனால் தண்ணீரில் இறங்குவது தரையில் இறங்குவதைவிடச் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். அலை இருந்தால் ஒரு கஷ்டம். அலையே இல்லாவிட்டால் இன்னொரு கஷ்டம்! காற்றில்லாத காலையில் ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கும். மேலே வரும் விமானிக்குத் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பத்தடி உயரத்தில் இருக்கிறோமா, நூறடியில் இருக்கிறோமா என்று கண் ஏமாற்றும். இதை 'கிளாஸி வாட்டர்' என்பார்கள். அதற்கு வழி, கண்ணை நம்பாமல், எஞ்சினில் கொஞ்சம் விசை வைத்து, மூக்கை லேசாகத் தூக்கி, மிக மெதுவான ஒரே சீரான வேகத்தில் தண்ணீர் தானாக வந்து தொடும் வரை இறங்கிக்கொண்டே இருப்பது. இரவில் சின்னப் படகுகளில் விளக்கேற்றி வரிசையாக மிதக்க விடுவார்கள். அந்த விளக்கு வரிசைதான் ஓடுபாதை.

தொடும்போது கோணம் தப்பினால் விமானம் முன்னும் பின்னும் துள்ளத் தொடங்கும். ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடப் பெரிதாகி, அடக்காவிட்டால் உடைத்துவிடும். இதன் பெயர் 'பார்பாய்ஸிங்'. பார்பாய்ஸ் என்பது ஓங்கில் இனத்துப் பிராணி. கடலில் ஓங்கில் துள்ளித் துள்ளிப் போவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. சக்கரத்தில் இறங்கும் விமானம் துள்ளினாலும் இன்றைக்கும் அதே சொல்தான்.

காற்று, நண்டு, கூழைக்கடா

இனி சக்கர விமானத்துக்கு வரலாம். விமானம் எப்போதும் எதிர்காற்றில்தான் இறங்க விரும்பும். இறக்கைக்கு வேண்டியது காற்றோடு ஒப்பிட்ட வேகம். சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் வேண்டியது தரையோடு ஒப்பிட்டுக் குறைந்த வேகம். மணிக்கு 250 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்துக்கு எதிரே 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தரையைத் தொடும்போது 220 தான். லாபம்! பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் இந்தக் கணக்கைப் படிக்காமலே காற்றை எதிர்த்துத்தான் இறங்குகின்றன.

சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதைக்கு 07 என்றும் 25 என்றும் இரண்டு பெயர். ஒரே பாதை, இரண்டு முனை. திசைகாட்டியில் சுமார் 70 பாகை நோக்கி இறங்கினால் 07, எதிர்ப்புறமாக 250 பாகை நோக்கி இறங்கினால் 25. கடைசிச் சைபரை விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். வடகிழக்குப் பருவத்தில் வாடையும் கொண்டலும் வீசும்போது பெரும்பாலும் 07. தென்மேற்குப் பருவத்தில் கச்சான் அடிக்கும்போது 25. அப்போது விமானங்கள் கடல் பக்கமிருந்து நகரத்தின் மேலாக வரும். ஆக, எந்த முனை என்பதைத் தீர்மானிப்பது மீனவர்கள் பெயர் வைத்த அதே காற்றுதான்.

காற்றை எந்தப் பக்கம் வைத்துப் பறக்கிறோம் என்பதை வைத்தே பாதைக்கும் பெயர். ஓடுபாதைக்கு இணையாக, காற்று முதுகில் அடிக்கப் பறப்பது 'டவுன்விண்ட்'. அதிலிருந்து குறுக்கே திரும்பினால் 'பேஸ்'. மறுபடி திரும்பி ஓடுபாதைக்கு நேராக வந்தால் 'ஃபைனல்'. பல விமானங்கள் வரும்போது யார் முதலில் என்பதைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும். பழவேற்காடு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறை இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே ஒழுங்கு. முறை வராதவர் வலை விரிக்கக் கூடாது. 'கிளியர்ட் டு லேண்ட்' என்ற சொல் வராதவர் இறங்கக் கூடாது.

காற்று பக்கவாட்டில் அடித்தால்? அதற்குப் பெயர் 'க்ராஸ்விண்ட்'. விமானத்தின் மூக்கைக் காற்று வரும் பக்கம் சற்றுத் திருப்பி வைத்தால்தான் அது ஓடுபாதைக்கு நேராக நகரும். பார்க்க ஒரு பக்கம், போவது ஒரு பக்கம்! இதற்கு விமானிகள் வைத்த பெயர் 'க்ராப்'. அதாவது நண்டு. நண்டுக்குப் பேர்போன பழவேற்காட்டுக்காரர்களுக்கு இந்த நடை நன்றாகவே தெரியும். தரையைத் தொடும் தறுவாயில் சுக்கானை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். இது 'டீக்ராப்'.

தரைக்குச் சில மீட்டர் இருக்கும்போது மூக்கை மெல்லத் தூக்கி, இறங்கும் வேகத்தைக் குறைப்பது 'ஃப்ளேர்'. கூழைக்கடா தண்ணீரைத் தொடுமுன் உடம்பை நிமிர்த்தி, இறக்கையை விரித்து, காலை முன்னால் நீட்டுவதைப் பார்த்தால் ஃப்ளேர் புரிந்துவிடும். அதே கூழைக்கடா தண்ணீரை ஒட்டினாற்போல் இறக்கையே அடிக்காமல் வெகுதூரம் மிதந்து போகும். பரப்புக்கு மிக அருகில் வரும்போது இழுவை குறைந்து, மிதப்பது சுலபமாகிறது. விமானிகள் இதை 'கிரவுண்ட் எஃபெக்ட்' என்பார்கள். பறவைக்கு அது சௌகரியம். விமானிக்குச் சமயத்தில் சங்கடம், ஏனென்றால் விமானம் தொடாமலே மிதந்து ஓடுபாதையைத் தின்றுகொண்டே போகும்.

கண் தெரியாத போது

மேகமும் பனியும் மறைத்தால் என்ன செய்வது? 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் ஜிம்மி டூலிட்டில், வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய காக்பிட்டில் உட்கார்ந்து, கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை ஏற்றி, சுற்றி வந்து, இறக்கிக் காட்டினார். ஆபத்துக்கு உதவ இன்னொரு விமானி உடனிருந்தார். அவர் கைவைக்கத் தேவையே வரவில்லை. 1938 ஜனவரி 26 அன்று பிட்ஸ்பர்க்கில் பனிப்புயலுக்கு நடுவே ஒரு பயணிகள் விமானம் 'ஐ.எல்.எஸ்.' என்ற ரேடியோக் கற்றை முறையைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. அதில் இரண்டு கற்றைகள். 'லோக்கலைசர்' இடம் வலம் சொல்லும். 'கிளைட் ஸ்லோப்' மேலே கீழே சொல்லும். வழக்கமான சாய்வு மூன்று பாகை, அதாவது ஒரு கிலோமீட்டர் முன்னேற ஏறக்குறைய 52 மீட்டர் இறங்குவது.

கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் 'பாப்பி' என்ற நான்கு விளக்குகள் உதவும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் உயரம் சரி. நான்கும் வெள்ளை என்றால் மிக உயரம். நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்வு.

ஆனால் இந்தக் கருவிகளைவிட முக்கியமான சொல் ஒன்று இருக்கிறது: 'டிசிஷன் ஹைட்'. தீர்மானிக்கும் உயரம். சாதாரண ஐ.எல்.எஸ். முறையில் அது 200 அடி. அந்த உயரத்தில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் பேச்சே இல்லை, மேலே ஏறிவிட வேண்டும். இன்னும் பத்தடி இறங்கிப் பார்ப்போமே என்பதற்கு இடமில்லை.

திரும்பிப் போகும் துணிவு

அப்படி ஏறிப் போவதற்குப் பெயர் 'கோ-அரவுண்ட்'. வேகம், சாய்வு, திசை, சக்கரம், எஞ்சின் விசை எல்லாம் 1,000 அடி உயரத்துக்குள் (வானம் தெளிவாக இருந்தால் 500 அடி) ஒழுங்குக்கு வந்துவிட வேண்டும். இதை 'ஸ்டெபிலைஸ்ட் அப்ரோச்' என்கிறார்கள். வரவில்லை என்றால் கோ-அரவுண்ட். விதி இவ்வளவு எளிது. ஆனால் ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஆராய்ந்தபோது, ஒழுங்குக்கு வராத இறக்கங்கள் நூறில் 97 கோ-அரவுண்ட் செய்யப்படாமல் தொடரப்பட்டிருந்தன! பெரும்பாலானவை நல்லபடியாக முடிந்தும்விடுகின்றன. அதுதான் ஆபத்தே. ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் 'ஒன்றும் ஆகாது' என்ற பாடம்தான் மனதில் பதிகிறது.

2010 மே 22 காலையில் துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த விமானம் மிக உயரமாக வந்தது. மேஜை போன்ற குன்றின் மேல் அமைந்த விமான நிலையம் அது. துணை விமானி கோ-அரவுண்ட் செய்யச் சொன்னார். கேப்டன் இறக்கத்தைத் தொடர்ந்தார். ஓடுபாதையில் பாதிக்கும் மேல் தாண்டிய பிறகே சக்கரம் தொட்டது. 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

2020 ஆகஸ்ட் 7 இரவு, கொட்டும் மழையில் கோழிக்கோடு. அதுவும் குன்றின் மேல் அமைந்த ஓடுபாதைதான். முதல் முயற்சியைக் கைவிட்டு விமானம் முறையாக மேலே ஏறியது. இரண்டாவது முயற்சியில் காற்று பின்பக்கமிருந்து தள்ள, ஓடுபாதையின் ஏறத்தாழ பாதியில் போய்த் தொட்டது. அங்கும் துணை விமானி கோ-அரவுண்ட் என்று சொல்லியிருந்தார். இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டிய விமானத்தை ஓட்டவேண்டிய பொறுப்பு கேப்டனுக்கு இருந்ததையும், எப்படியாவது அங்கேயே இறங்க வேண்டும் என்ற உந்துதலுக்கு அது காரணமானதையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

வணிகவியல் படித்தவர்களுக்கு 'சங்க் காஸ்ட்' தெரிந்திருக்கும். ஏற்கெனவே செலவழித்த, இனி எப்படியும் திரும்பி வராத பணம். அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது பாலபாடம். ஆனால் மனித மனம் சேர்த்துக்கொண்டே இருக்கும். 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தானே!' நஷ்டத்தில் ஓடும் கடையை மூட விடாமல் தடுப்பதும் இதுதான். இறக்கத்தைக் கைவிட விடாமல் தடுப்பதும் இதுதான். கோ-அரவுண்டில் கூடுதல் எரிபொருள் செலவாகும், சில நிமிடம் தாமதமாகும். கணக்குப் புத்தகத்தில் அது செலவுதான். ஆனால் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டியது எத்தனை உயிர்?

அதனால்தான் இன்று பல விமான நிறுவனங்களில் ஒரு விதி இருக்கிறது: இருவரில் யார் 'கோ-அரவுண்ட்' என்று சொன்னாலும் அது செயலாக வேண்டும். ஜூனியர், சீனியர் பார்க்கக் கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நெருங்கியபோது சென்னையில் ஒரு விமானம் பலத்த காற்றில் தள்ளாடியபடி தரை வரைக்கும் வந்து, சட்டென்று மேலே ஏறிப் போன காட்சி இணையமெங்கும் பரவியது. 'தப்பித்தது விமானம்', 'மயிரிழையில்...' என்றெல்லாம் தலைப்புகள். உண்மையில் அந்தக் கடைசி நொடியில் மேலே ஏறியது, பயிற்சியில் கற்றுத் தருகிற வேலை. மசூலா படகின் தண்டல் துடுப்பை நிறுத்தி வைத்தது போல.

ஒரே ஒரு வாய்ப்பு

கோ-அரவுண்டே செய்ய முடியாத விமானம் உண்டா? உண்டு. அதன் கதை பழவேற்காடு ஏரியின் மறுகரையிலேயே தொடங்குகிறது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அன்றிலிருந்து அந்த இடம் மேலே அனுப்புவதற்குத்தான் பேர்போனது. ஏவும் நாட்களில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். கடலில் விழும் பாகங்களால் ஆபத்து வராமலிருக்க அந்த ஏற்பாடு. ஆனால் அந்த ஊர்களுக்கு அது ஒரு நாள் வருமானம். விண்வெளி வரலாற்றில் இந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

மேலே போனதைப் பத்திரமாகக் கீழே கொண்டுவரும் வேலையும் இதே கடலில்தான் ஆரம்பித்தது. 2007 ஜனவரியில் எஸ்.ஆர்.இ.-1 என்ற 550 கிலோ கலம் பன்னிரண்டு நாள் பூமியைச் சுற்றிவிட்டு, ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் பாராசூட்டில் வந்து கடலில் விழுந்தது. 2016 மே 23 அன்று இறக்கை வைத்த ஆர்.எல்.வி.-டி.டி. கலம் ராக்கெட்டின் தலையில் ஏறி 65 கிலோமீட்டர் உயரம் போய், ஒலியைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் திரும்பி, சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் இறங்கியது. அங்கே ஓடுபாதை எதுவும் இல்லை. கடல் பரப்பில் கணினிக்குள் மட்டும் வரைந்து வைத்த கற்பனை ஓடுபாதை!

நிஜ ஓடுபாதைச் சோதனைகள் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் நடந்தன. 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச் 22, 2024 ஜூன் 23 என மூன்று முறை, சினூக் ஹெலிகாப்டர் நாலரை கிலோமீட்டர் உயரத்திலிருந்து கலத்தை விடுவித்தது. 'புஷ்பக்' என்ற பெயர் பெற்ற இந்தக் கலத்தில் விமானி இல்லை, எஞ்சினும் இல்லை. மூன்றாம் முறை வேண்டுமென்றே 500 மீட்டர் பக்கவாட்டில் விலக்கி விட்டார்கள். தானே திருத்திக்கொண்டு ஓடுபாதையின் நடுக்கோட்டில் வந்து இறங்கியது. பயணிகள் விமானம் சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் தொடும். இது தொட்டது 320-க்கும் மேல். பிறகு பாராசூட் விரிந்து வேகத்தை 100-க்கு இறக்கியது.

எஞ்சின் இல்லாததால் இதற்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஆகவே மேலேயே, உயரத்தையும் வேகத்தையும் சில்லறைக் காசு போல எண்ணி எண்ணிச் செலவழித்துக்கொண்டு வரவேண்டும். சீக்கிரம் செலவழித்தால் ஓடுபாதைக்கு முன்னாலேயே விழும். மிச்சம் வைத்தால் தாண்டி ஓடும். இதை வைத்துப் பார்த்தால்தான் சாதாரண விமானியின் கையில் இருக்கும் கோ-அரவுண்ட் எத்தனை பெரிய சொத்து என்பது தெரிகிறது. அந்தச் சொத்தைக் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தாமல் விட்டதில்தான் மங்களூரும் கோழிக்கோடும் நடந்தன.

முகத்துவாரத்துக்கு வெளியே அலை அடங்கக் காத்திருக்கும் படகைக் கரையிலிருந்து பார்ப்பவர்கள் யாரும் கோழை என்று சொல்வதில்லை. விமானிக்கும் அந்த மரியாதையைத் தரலாமே! அடுத்த முறை நீங்கள் போகும் விமானம் ஓடுபாதை வரை வந்துவிட்டு, எஞ்சின் உறும மறுபடி மேலே ஏறினால் பதற வேண்டாம். வாட்ஸ்அப்பில் 'உயிர் தப்பினோம்' என்று போடவும் வேண்டாம். முன்னால் உட்கார்ந்திருப்பவர் தன் பெயருக்கு ஏற்ற வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார். பத்து, பதினைந்து நிமிடம் பொறுத்தால் கரை சேர்த்துவிடுவார்.